சூடு மட்டும் விரலை நிமிர்த்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. இனித் தை கடைசி வரைக்கும், காலையில் மீன் வாங்கப் போகும் சில பெண்களின் விரல்கள் ஐஸ் பெட்டியைத் தொட்டதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். சற்று நேரத்தில் நீலம் பாயும். வீட்டுக்கு வந்து சேரும்போது சிவந்து சுள்ளென்று எரியும். “இந்த வெயில் ஊரில் குளிர் வருத்தமா?” என்று பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பதுண்டு. திருகோணமலையிலும் வங்கிக்குள் ஏசி ஓடுகிறது, கொழும்பு பஸ்ஸில் விடிய விடியக் குளிர்காற்று வீசுகிறது, வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது. ரேனோ என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த நிறமாற்றத்துக்கு அவ்வளவு குளிரே போதும்.

ரேனோ மட்டும் இருப்பவர்கள் பலர். பெரும்பாலானோருக்கு அது தொல்லையோடு நின்றுவிடும். அதனுடன் விரல்கள் வீங்கி மோதிரம் கழலாமல் போய், பின்னர் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாதபடி இறுகினால், அது சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம். ஸ்கிளிரோடெர்மா என்ற பெயரும் உண்டு. நோய் எதிர்ப்புத் தொகுதி சொந்த உடலையே தாக்க, தோலிலும் அதன் கீழும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவுக்கு மீறிப் படிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. நுரையீரல், சிறுநீரகம், உணவுக்குழாய் என்று உள்ளேயும் போகக்கூடிய நோய் என்பதால் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. இந்தக் கடிதம் கைகளைப் பற்றியது மட்டுமே. வீட்டில் அன்றாடம் செய்யக்கூடியதும், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் கை வேலைதான்.

அதற்கு முன் ஒன்று. கோணிய விரலையும் நுனியில் புண்ணையும் கண்டு இதைத் தொழுநோய் என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கிளிரோடெர்மா எவருக்கும் தொற்றாது. தொழுநோய் பாதித்த இடத்தில் உணர்ச்சி மங்கும். ஸ்கிளிரோடெர்மாப் புண்ணோ ஊசி குத்துவதுபோல வலிக்கும். தொழுநோயும் இன்று மாத்திரையால் குணமாகும் நோய் என்பதால், ஒதுக்குவதற்கு அங்கேயும் நியாயம் கிடையாது.

கை எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும். விரலில் மூன்று மூட்டுகள்: உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டு, நடுமூட்டு, நுனிமூட்டு. இந்த நோயில் அடிமூட்டு மடங்க மறுக்கும். நடுமூட்டு நிமிர மறுக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள தோல் சுருங்கி, பெருவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கை கொக்கிபோல ஆகிவிடும். சோறு பிசையவும், புட்டைக் குழைக்கவும், தேங்காய் முறியைப் பிடித்துத் திருவவும் இந்த மூன்று அசைவுகளும் வேண்டும்.

இங்கேதான் ரப்பர் பந்து வருகிறது. கை இறுகுகிறது என்றதும் யாராவது ஒரு பந்தை வாங்கிக் கொடுத்து “நசுக்கு, நசுக்கு” என்பார்கள். பந்தை நசுக்கும்போது மடங்குவது பெரும்பாலும் நடுமூட்டு. அது ஏற்கெனவே மடங்கிக் கிடக்கிறது. நிமிர வேண்டிய மூட்டை நாளுக்கு நூறு தடவை மடக்குவது என்ன பயிற்சி? பிடிப்பலம் வளர்க்கப் பந்துக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் நிமிர்த்தும் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் பிடித்திருப்பவரின் கை நோய் இழுக்கும் திசையிலேயே போகும்.

இரண்டாவது தவறு சூட்டை மருந்தாக நினைப்பது. சூடு வலியைத் தணிக்கும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும், இறுகிய இழையத்தைக் கொஞ்ச நேரம் இளக்கும். அந்தக் கொஞ்ச நேரம் சில நிமிடங்கள்தான். 2004இல் சுவீடனில் 17 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கைக்கு, உருக்கிய மெழுகில் அமிழ்த்திச் சூடேற்றும் மெழுகுச் சிகிச்சையும் பயிற்சியும், மறு கைக்குப் பயிற்சி மட்டும். ஒரு மாதத்தில் மெழுகு பட்ட கை கூடுதலாக இளகியிருந்தது. 2019இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்விலோ, பயிற்சியோடு மெழுகைச் சேர்த்தவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2006இல் ஜப்பானில் 45 பேர் எந்த இயந்திரமும் இல்லாமல் தங்கள் விரல்களைத் தாங்களே 10 விநாடி வீதம் இழுத்துப் பயின்றார்கள். ஒரு மாதத்தில் மூட்டசைவு கூடியது, ஒரு வருடம் கழித்தும் அது குறையவில்லை. எங்கள் கை இயன்மருத்துவத் துறையில் மெழுகை விரும்புகிறவர்கள் முதல் ஆய்வை மட்டும் சொல்வார்கள், விரும்பாதவர்கள் இரண்டாவதை மட்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேலை செய்வது நீட்டல் பயிற்சி, சூடு அதற்கு முன்னோடி. மெழுகு வாங்க வசதி இல்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. மெழுகு செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்குத்தான் நட்டம்.

எளிய சூடு வெந்நீர். 38 முதல் 40 பாகை வரை போதும். வெப்பமானி இல்லாத குசினியில் ஒரு கணக்கு: பேசினில் குழாய்த் தண்ணீர் 6 கப் ஊற்றி, அதன் பிறகு கொதிநீர் 1 கப் விட்டுக் கலக்குங்கள். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்றிருந்தால் 5 கப்புக்கு 1 கப். பாதிக்குப் பாதி கலந்தால் 60 பாகையைத் தாண்டும், தோல் வெந்துவிடும். சித்திரை மத்தியானத்தில் கூரைத் தாங்கித் தண்ணீரே சுட்டுக்கொண்டு வரும், அப்போது இந்தக் கணக்கு பொய்க்கும். எப்படியும் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகே விரலை வையுங்கள். இந்த நோயில் விரல் நுனி சூட்டைச் சரியாகச் சொல்லாமல் போகலாம். நீரிழிவும் இருந்தால் வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொல்வதே நல்லது. மணிக்கட்டு வரை 10 நிமிடம் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக விரித்து மூடலாம். சூடு ஆறினால் கையை வெளியே எடுத்த பின்னரே கொதிநீரைச் சேர்க்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது கேத்தலைச் சரித்துச் சுட்டுக்கொள்வது வழக்கமான விபத்து.

விரல் வெளுத்து மரத்திருக்கும் நேரத்தில் நேரே வெந்நீரில் வைக்கக் கூடாது. அக்குளுக்குள் கையை வைத்து, உடம்பைப் போர்த்தி, நிறம் திரும்பிய பிறகு தொடங்குங்கள்.

கன்னியா வெந்நீரூற்று பற்றிக் கேட்காத நோயாளி நம்மூரில் இல்லை. ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. அங்கே போகும் நம்பிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தண்ணீரை வாளியால் அள்ளி உடம்பில் ஊற்றுகிறோம். கை சில விநாடிகள்தான் சூட்டில் இருக்கிறது. பிறகு ஈர உடம்போடு மோட்டார் சைக்கிளில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தால், போனபோது இருந்ததைவிட விரல் மோசமாக வெளுத்திருக்கும். போகிறவர்கள் துவாயும் கையுறையும் கொண்டுபோய், துடைத்த கையோடு அங்கேயே ஓரிடத்தில் உட்கார்ந்து பயிற்சியை முடித்துவிட்டு வரலாம். திறந்த புண் உள்ளவர்கள் பலரும் குளிக்கும் அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

பரபின் மெழுகுக்குக் கவனம் கூட வேண்டும், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். கை முழுதும் அமிழ ஒடுங்கிய, ஆழமான பாத்திரத்தில் சுமார் 3 கிலோ மெழுகு வேண்டும். அதில் மருந்துக்கடையில் விற்கும் திரவ பரபின் அரை லீற்றர் அளவு சேர்க்க வேண்டும். அதாவது ஏழுக்கு ஒன்று. இந்த எண்ணெய் சேர்ந்தால் மெழுகு குறைந்த சூட்டில் உருகும், உரிக்கும்போது தோலைப் பிடித்திழுக்காது. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நாளடைவில் காறும். பரபின் என்ற சொல் சில நாடுகளில் மண்ணெண்ணெயைக் குறிக்கும் என்பதால், பெயரைக் கேட்டு மண்ணெண்ணெய்ப் பக்கம் போய்விட வேண்டாம். மெழுகுதிரியை உருக்குவதும் ஆகாது. அதில் கடினமாக்கும் பொருளும் சாயமும் இருக்கும். அது உருகி நிற்கும் சூடே கைக்கு அதிகம்.

அடுப்பில் நேரே வைக்கக் கூடாது. பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். தண்ணீர் கொதித்துக் காட்டும்; மெழுகு அப்படி எச்சரிக்காது, புகைந்து திடீரென்று பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி காஸை நிறுத்துங்கள். உருகியதும் இறக்கி ஆறவிட்டு 48 முதல் 50 பாகைக்கு வந்த பிறகே கை வைக்கலாம். இதை அளக்கக் காய்ச்சல் வெப்பமானி உதவாது. அது 42இல் முடிந்துவிடும். பாதரசக் குழாயானால் வெடிக்கும். சமையல் வெப்பமானி வேண்டும். மேலே பாலாடைபோல மெல்லிய படலம் படரத் தொடங்குவது ஓர் அடையாளம். அதன் பிறகும் நோயில்லாத ஒருவரின் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

50 பாகைத் தண்ணீர் சுடும், அதே சூட்டு மெழுகு ஏன் சுடுவதில்லை? மெழுகு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், முதல் படலம் உறைந்து தோலுக்குக் காப்பாகவும் ஆகிவிடும். அந்தக் காப்பு உடைந்தால் சுடும் என்பதுதான் முறை முழுவதற்கும் காரணம். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். ஒட்டியிருக்கும் நீர்த்துளி சுட்டுவிடும். விரல்களைச் சற்று விரித்து மணிக்கட்டு வரை அமிழ்த்தி உடனே எடுங்கள். மினுக்கம் மங்கியதும் மீண்டும் அமிழ்த்துங்கள், ஆறு முதல் எட்டுத் தடவை. இடையில் விரலை அசைத்தால் படலம் வெடித்து அந்தக் கீறல் வழியே சூடான மெழுகு உள்ளே போகும். முதல் தடவை பட்ட கோட்டுக்கு மேலே பிறகு அமிழ்த்தினாலும் அதே கதைதான். பிளாஸ்டிக் பையால் மூடித் துவாயால் சுற்றி 15 நிமிடம் இருக்கலாம். துடித்தாலோ எரிந்தாலோ காத்திராமல் உரித்துவிடுங்கள். ஒரு கைக்குப் பயிற்சி முடிந்த பிறகு மற்றக் கை. இரண்டையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டால் உரிப்பதற்கும் கை இராது!

அரிசி மூட்டை, உப்பு மூட்டை ஒத்தடம் பற்றிச் சுருக்கமாக: இரண்டு மடிப்புத் துவாய்க்கு மேல், 10 நிமிடம். ஓட்டில் வறுத்த சூடு மூட்டைக்குள் சமமாகப் பரவுவதில்லை, சில இடம் கொள்ளிபோல இருக்கும். எரிவு தரும் தைலம் தடவிய கையில் எந்தச் சூடும் வேண்டாம்.

இனிப் பயிற்சி. சூடு முடிந்து 10 நிமிடத்துக்குள், கை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே. வாசனை சேர்க்காத வாஸ்லின் தடவிக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

முதலில் அடிமூட்டு. மற்றக் கையால் விரலின் முதல் கணுவை, அதாவது அடிமூட்டுக்கும் நடுமூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை, பிடித்து உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள். நடுமூட்டு இயன்றவரை நேராக இருக்கட்டும். நான்கு விரல்களும் அப்படி நின்றால் கை தாழ்வாரக் கூரைபோலத் தெரியும். விரல் நுனியைப் பிடித்து மடக்குகிறவர்கள் நடுமூட்டைத்தான் மடக்குகிறார்கள், அடிமூட்டு அசைந்திருக்காது.

பிறகு நடுமூட்டை நிமிர்த்துவது. இதுவே கடினமானது, கைவிடப்படுவதும் இதுதான். உள்ளங்கை கீழே பார்க்கக் கையை மடித்த துவாயில் வைத்து, நடுமூட்டுக்கு அப்பால் உள்ள கணுவின் மேல் மற்றக் கைப் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். மூட்டின் எலும்பு முனையிலேயே அழுத்தக் கூடாது. அங்கே தோல் காகிதம்போல இழுபட்டிருக்கும், வெடித்தால் ஆற மாதக்கணக்காகும். எவ்வளவு அழுத்துவது என்பதற்குத் தோலே அளவுகோல்: மூட்டின் மேல் தோல் இழுபடுவது தெரிய வேண்டும், வெளுத்து மினுங்கினால் அது எல்லை, கொஞ்சம் தளர்த்துங்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள். துள்ளித் துள்ளி அழுத்துவதில் பயனில்லை. இழையம் பதிலுக்கு இறுகிக்கொள்ளும்.

பெருவிரலை உள்ளங்கையிலிருந்து விலக்கும்போது அதன் அடி எலும்பைப் பிடித்து விலக்க வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் இடையிலுள்ள மூட்டின் தசைநார் தொய்யும், சுருங்கிய தோல் அப்படியே இருக்கும். இரு கை விரல்களையும் கோத்து அடிவரை நெருக்குவது விரலிடுக்குகளுக்கு நல்லது. அதற்கடுத்து, கும்பிடும் பாவனையில் உள்ளங்கைகளைச் சேர்த்து முழங்கைகளை மெல்ல உயர்த்துங்கள், மணிக்கட்டுக்காக. கடைசியில் பெருவிரல் நுனியால் மற்ற நான்கு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

ஒவ்வொன்றும் 10 விநாடி, 5 தடவை, காலையும் மாலையும். இரண்டு கைக்கும் அரை மணித்தியாலம் ஆகும். அரை மணித்தியாலம் கிடைக்காத நாளில் சூட்டை விட்டுவிடுங்கள், பயிற்சியை விடாதீர்கள். தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்திப் பிடித்த சூட்டிலேயே நடுமூட்டை நிமிர்த்தலாம். செய்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் வலி நின்றால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். மறுநாள் அழுத்தத்தைக் குறையுங்கள்.

விரல்கள் வீங்கி மட்டும் இருக்கும் ஆரம்ப மாதங்களில் “இன்னும் கோணவில்லையே” என்று காத்திருப்பவர்கள் நல்ல காலத்தைத் தவறவிடுகிறார்கள். கோணி எலும்போடு இறுகிய மூட்டை எந்த மெழுகும் திருப்பாது; இருக்கும் அசைவைக் காப்பாற்றுவதே அப்போது முடிந்த வேலை.

நுனியில் புண் உள்ள விரலுக்கு மெழுகும் வேண்டாம், தண்ணீரில் ஊறவிடவும் வேண்டாம். மற்ற விரல்களின் பயிற்சி தொடரலாம். மூட்டு சிவந்து கொதித்து வீங்கியிருந்தால் அங்கே சூடு கூடாது. தோலுக்கடியில் கல்போலத் திரளும் சுண்ணக் கட்டிகளைச் சூடு கரைக்காது, ஊசியால் குத்தி எடுப்பது கிருமிக்கு வாசல் திறப்பது. புண்ணில் சீழ் வந்தாலோ, நுனி கறுத்தாலோ, விரல் வெளுத்தபடியே நின்றாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒத்தடம் கொடுத்துப் பார்த்து நாளைக்குப் போவோம் என்றிருக்கக் கூடாது. புகைத்தலும் புகையிலை போட்ட வெற்றிலையும் விரலுக்குப் போகும் இரத்தத்தை இன்னும் ஒடுக்கும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கப்படும் புரப்பிரனலோல் போன்ற மாத்திரைகள் ரேனோவைக் கூட்டலாம். தானாக நிறுத்தாமல், எழுதிய வைத்தியரிடம் ரேனோ இருப்பதைச் சொல்லுங்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அது அவ்வளவு மெதுவானது. மாதத்தின் முதல் நாளில் கையை இயன்றவரை விரித்துக் கொப்பியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பெருவிரல் நுனியிலிருந்து சின்னிவிரல் நுனி வரை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். மடக்குவதற்கு இன்னொரு அளவு: தும்புத்தடிக் காம்பைச் சுற்றி விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடுகின்றனவா, பென்சிலைச் சுற்றித் தொடுகின்றனவா என்று பாருங்கள். மூன்று மாதம் அளவு குறையாமல் நின்றாலே அது வெற்றி. அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வைத்தியருக்கும் உதவும்.

சிகிச்சை கொடுக்கும் இடங்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் கையில் கொடுக்கும் துண்டில் “வக்ஸ், 15 நிமிடம்” என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், எந்த விரலின் எந்த மூட்டை எந்தப் பக்கம், எத்தனை விநாடி என்று தமிழில் எழுதி, முடிந்தால் ஒரு கையின் படத்தில் அம்புக்குறியும் போட்டுக் கொடுங்கள். கூட வந்த மகளையோ கணவரையோ அங்கேயே ஒரு தடவை செய்து காட்டவும் சொல்லுங்கள். விரல் நுனியைப் பிடிக்கிறார்களா, கணுவைப் பிடிக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
கை இயன்மருத்துவத்தில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
உவர்மலை, திருகோணமலை.